கடல் சூடு எழுதிய நோட்டு

பூதலூரில் நெல் வயலுக்கு நடுவே பிறந்தவனுக்குக் கடலில் என்ன ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரும் கேட்டாயிற்று. நம் கரையோரம் கடலின் மேல்தண்ணீர் பல வருஷங்களாக எப்படிச் சூடேறி இறங்குகிறது என்பதுதான் என் தலைப்பு. சாட்டிலைட் அளந்த கணக்கு கம்ப்யூட்டரிலேயே கிடைத்தது. அது சரிதானா என்று பார்க்க, யாராவது கடலுக்குள் போய் தெர்மாமீட்டரை முக்க வேண்டும்.

முதல் நாளே படகில் குடல் வெளியே வருகிற அளவு வாந்தி எடுத்தேன். அதோடு சரி. பூம்புகார்ப் படகுக்கார அண்ணனிடம் தெர்மாமீட்டரையும் ஒரு நோட்டையும் கொடுத்து, எந்த இடம், எவ்வளவு சூடு என்று எழுதச் சொன்னேன். கடலுக்குப் போன நாளெல்லாம் விடாமல், இரண்டு வருஷம் எழுதினார். தங்கமான மனுஷன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தஞ்சாவூரில் உட்கார்ந்து இரண்டு கணக்கையும் ஒப்பிட்டேன். சாட்டிலைட் குளிர்ச்சி என்ற இடமெல்லாம் நோட்டில் சூடு. சூடு என்ற இடமெல்லாம் குளிர்ச்சி!

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. சாட்டிலைட்டுக்கு அந்த அவசியம் கிடையாது" என்றார் என் கைடு. தீசிஸ் கொடுக்க ஒரு மாசம்தான் பாக்கி. கெடு தாண்டினால் பதிவே ரத்து.

அடுத்த பஸ்ஸிலேயே போய் நோட்டைப் படகுக்குள் விட்டெறிந்தேன். "என்னண்ணே இது? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

அவர் வலையிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. "கத்தாதீங்க தம்பி. தண்ணி எங்க குளுந்து கிடக்கோ அங்கதான் எனக்கு மத்தி மீன் விழுது. உள்ளதை எழுதினா, கரையில இந்த நோட்டைப் புரட்டுறவனெல்லாம் எனக்கு முன்னாடி அங்க போய் நிப்பான். அதான் மாத்தி எழுதினேன்."

"அப்ப உண்மை?"

"அது வேற நோட்டு. பொண்டாட்டிக்கே காட்டினதில்ல."

காலில் விழுவதா, கழுத்தை நெரிப்பதா என்று எனக்குப் புரியவில்லை. கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்: "நீங்க எழுதுற புஸ்தகத்தை யாரெல்லாம் படிப்பாங்க?"

கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் உலகமே என் தீசிஸுக்குக் காத்திருப்பதாக அளந்துவிடுகிறவன் நான். அன்றைக்கு மட்டும் வாயில் உண்மை வந்தது. "எங்க கைடு. மார்க் போடுற ரெண்டு பேரு. அவங்களும் முழுசாப் படிக்க மாட்டாங்கண்ணே. அப்புறம் லைப்ரரியில வைப்பாங்க, ஒருத்தரும் தொட மாட்டாங்க."

"சத்தியமா?"

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அவர் முதல்முறையாக வலையைக் கீழே வைத்தார். ஐஸ் பெட்டிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"அடப் பாவமே! இதுக்கா தம்பி ரெண்டு வருஷமா இந்தப் பாடு?"