பேர் வெட்டாத குடம்

சாம்பாரைக் கரண்டியில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள் பேபி. "மஞ்சள் அஞ்சு பெர்சென்ட் கூடிப் போச்சு" என்றாள். நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் சோலைராஜுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. "உப்பு எத்தன பெர்சென்ட்னு சொல்லுத உத்தேசம் உண்டா?" என்று கேட்டார். அது அவள் காதில் விழவில்லை. காலிக் கரண்டியின் குழிவில் ஜன்னல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதற்குள் போய்விட்டாள். சோலைராஜ் தானே எழுந்து சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

பெயர்தான் பேபி, வயது ஐம்பத்தாறு. கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் ஒன்றில் கலர் பார்க்கும் வேலை. மெஷினிலிருந்து வரும் தாளை மேஜையில் விரித்து, நேற்று அடித்த மயிலும் இன்று அடித்த மயிலும் ஒரே மயில்தானா என்று சொல்ல வேண்டும். "நீலத்துல ரெண்டு கொறைங்க அண்ணாச்சி" என்று அவள் சொல்லிவிட்டால் மெஷின்காரர் மறுபேச்சு பேசமாட்டார். இருபத்தேழு வருஷமாக அந்தக் கண்ணை நம்பித்தான் அங்கே மை கலக்குகிறார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மொய் எழுதிய கையோடு ஆயில் பெயின்ட் வாங்கிக்கொண்டு வந்தாள். மற்றதை எல்லாம் போன் சொல்லிக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அவளுடைய நேரம். ஊருக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். தெருவில் நாய்கூட நடக்காது. ஒரு அலுமினியச் சட்டியை முக்காலியில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தால் சட்டி மெல்ல மெல்லச் சட்டியாக இல்லாமல் போகும். அடியில் ஊதா தெரியும், வயிற்றில் அவள் கட்டியிருக்கும் சேலையின் பச்சை தெரியும். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசம் வரும்போதுதான், தான் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று அவளுக்கு நினைவு வரும்.

ஒரே ஒரு வைராக்கியம் உண்டு. படத்தில் எழுத்து வரக்கூடாது. அவள் வரைந்த மஞ்சள் பையில் ஜவுளிக்கடையின் பெயர் இருக்காது. டார்ச் லைட்டில் கம்பெனி பெயர் இருக்காது. படத்தின் மூலையில் அவள் பெயரே இருக்காது. "எட்டு மணி நேரம் எழுத்தத்தான பாக்கேன். இங்கனயாவது எழுத்து இல்லாம இருக்கட்டும்" என்பாள்.

வரைவதற்குச் சாமான் எல்லாம் இரவல்தான். தன் வீட்டுச் சாமானைப் பார்த்தால் அவளுக்கு வேலைதான் ஞாபகம் வருகிறதாம். அதனால் அடுத்த வீடு, எதிர்த்த வீடு என்று வாங்கி வருவாள். ஒரு வாரம் என்று சொல்லித்தான் வாங்குவாள். எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி மிக்சி ஜாரைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அம்மியில் சட்னி அரைத்தாள். "எக்கா, ஜாரைத் தாங்க. கை விட்டுப் போச்சு" என்று வாசலில் வந்து நின்றவளிடம், "மூடியில நிழல் இன்னும் பிடிபடல, பொறுட்டி" என்றாள் பேபி. அந்தப் பதிலைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனாலும் சாமான் கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டுப் பெருமாயி மட்டும் கேட்கும் முன்பே கொடுத்தாள். சும்மா ஒரு குடம் வேண்டும் என்று பேபி பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், பெருமாயி பரணில் ஏறி, துணி சுற்றி வைத்திருந்த ஒரு எவர்சில்வர் குடத்தை இறக்கினாள். மகள் அழகுத்தாய்க்காகத் தீபாவளிக்குத் தீபாவளி சேர்த்த பாத்திரங்களில் ஒன்று அது. ஒவ்வொன்றும் வாங்கும்போது கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி, பொடியை வாயால் ஊதிவிட்டுக் கொடுப்பாராம். அழகுத்தாய் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது பெருமாயியின் கணவர் வன்னியபெருமாளின் உத்தரவு. பெருமாயியும் உச்சரித்ததில்லை. குடத்தை மட்டும் பேபியின் கையில் வைத்து, "இது சும்மாதான கெடக்கு. நல்லா வரை" என்றாள். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு முறை வேலிப் பக்கம் வந்து, "முடிஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குடத்தின் கழுத்தில் 'வ. அழகுத்தாய்' என்று இருந்ததைப் பேபி பார்க்காமல் இல்லை. எழுத்து வேண்டாம் என்ற வைராக்கியம் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு வசதியாகவும் இருந்தது. பாவம், பெருமாயி மைனி கண்ணில் ஏன் அந்தப் பேர் பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். படத்தில் பெயர் வர வேண்டிய இடத்தில் வெள்ளையைக் கனமாக அப்பினாள். காலை வெயில் பட்ட தண்ணீராக அந்த இடம் மின்னியது. தான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

சென்னையில் இருந்து திரும்பி வந்த ஹரி, தண்டவாளத்தை ஒட்டி இருந்த தன் தாத்தா பருத்தி மூட்டை அடுக்கி வைத்த கிட்டங்கியை வெள்ளையடித்துக் கேலரி ஆக்கியிருந்தான். முதல் கண்காட்சியே பேபியுடையது. இருபத்திரண்டு படங்கள். எத்தனை தடவை பெருக்கினாலும் அந்த உத்தரங்களில் இன்னும் பஞ்சு இருக்கிறது. காற்று அடித்தால் ஒவ்வொரு பிசிறாகக் கிளம்பி, கூரைக் கண்ணாடியின் வெளிச்சத்தில் அவசரமே இல்லாமல் இறங்கும். அதற்குக் கீழே தெருச் சனம் சொப்பனத்தில் நடப்பது மாதிரி மெதுவாக நடந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. அறுந்த வாரில் ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்புப் படத்தின் முன்னால் நின்ற ஒருவர், தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "எங்க ஜாருக்கு வந்த வாழ்வப் பாருங்களேன்" என்று பாண்டிச்செல்வி தன் மிக்சி ஜாரின் முன்னால் கன்னத்தில் கை வைத்து நின்றாள்.

பெருமாயி புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். வேறு எந்தப் படத்தையும் பார்க்காமல் நேரே குடத்தின் முன்னால் போய் நின்றாள். கிட்டப் போனாள். தள்ளி நின்றாள். மறுபடி கிட்டப் போய்க் குடத்தின் கழுத்தையே தேடினாள்.

"இது யாரு கொடம்?" என்றாள்.

"உங்க கொடந்தான் மைனி."

"பேரு எங்க?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..." என்று இழுத்தாள் பேபி.

பெருமாயி கையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் போடுத ஸ்டேட்டஸ அவ பாக்கா. பேசத்தான் மாட்டேங்கா. எனக்கும் பேச வாய் வரல. வீட்டுக் கொடத்தையே போட்டா அவரு விடமாட்டாரு, நீ வரைஞ்ச படம்னா கேக்கமாட்டாரு. இத போட்டோ புடிச்சுப் போட்டா, தன் பேரப் பாப்பால்லா. அம்மா இன்னும் கொடத்த யாருக்கும் குடுத்துரலன்னு தெரியும்லா. அதுக்குத்தான் உங்கிட்ட தந்தேன்." குரல் உயரவே இல்லை. "இப்ப இது எந்தக் கடையிலயும் இருக்குத கொடம்."

இருபத்தேழு வருஷம் கண்ணை நம்பிப் பிழைத்தவள், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கத் தவறிவிட்டாள். பேபி படத்தின் கழுத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். கனமாக அப்பிய வெள்ளை விரலில் ஒட்டியது.

"மைனி, அந்த ஊக்கத் தாங்க."

பெருமாயி தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

"பேரு என்ன போடணும்?" என்று கேட்டாள் பேபி. தெரியாமல் கேட்கவில்லை.

ஒரு பஞ்சுப் பிசிறு இறங்கி வந்து பெருமாயியின் தோளில் உட்கார்ந்தது. பிறகு, "அழகுத்தாய்" என்றாள். நாலு வருஷம் கழித்து அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது. இன்னொரு தடவையும் சொன்னாள். "அழகுத்தாய். முன்னால அப்பன் எழுத்தையும் போடு. விட்டுராத."

பேபி முதல் புள்ளியைக் குத்தியபோது ஹரி ஓடி வந்தான். சட்டத்தின் ஓரத்தில், விற்றுப்போன படம் என்று அவன் ஒட்டிய சிவப்புப் பொட்டு இருந்தது. "எக்கா, என்ன செய்யுதீங்க! அது ஒரு டாக்டருக்கு வித்த படம்!"

"வித்தா என்னப்பா, இன்னும் காயலல்லா" என்றாள் பேபி, திரும்பாமலே.

புள்ளி புள்ளியாகப் பெயர் எழுந்தது. ஊக்கு முனையில் சேர்ந்த வெள்ளையை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் குத்தினாள். கடைசிப் புள்ளி விழுந்ததும் பெருமாயி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இருங்க மைனி" என்று கையைக் காட்டி நிறுத்தினாள் பேபி. குனிந்து, கன்னம் உப்ப, பாத்திரக் கடைக்காரர் ஊதுவது மாதிரியே, குடத்தின் கழுத்தில் இல்லாத பொடியை மெல்ல ஊதிவிட்டு விலகினாள்.