மழை வந்தால் எழுந்துவிடுகிறவர்

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன்பு அமிர்தசாமி முழங்கை வரை கழுவிக்கொள்வார். துண்டால் விரல் இடுக்குகளைத் துடைப்பார். நகக்கண்களை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இன்னொரு செம்புத் தண்ணீர். மரக்காணத்து உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவருக்கு, உப்பு இரும்பை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஒரு பொட்டு போதும்ங்க. உள்ள பூந்துச்சின்னா அரிச்சித் தள்ளிடும்" என்பார். இவ்வளவு ஆசாரத்தை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அவர் பார்த்ததில்லை.

உப்பளத்து ஆபீசில் ஆயுள் முடிந்து மூலையில் கிடந்த கம்ப்யூட்டர் அது. முதுகு பெருத்த மானிட்டர், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "எடுத்துகினு போய்யா" என்று முதலாளி சொன்னதும், சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, கால்வாய்ப் பாலத்தின் மேல் உருட்டிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எதற்கு என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது. சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அதற்கு உயிர் கொடுத்தது மகள் ஆன்மேரி. குயிலாப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிறார்கள். அங்கே அவள் படம் வரைகிறாள். ஊர் உலகத்துக்கெல்லாம் இப்போது பழைய காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரித் தெரிகிற விளையாட்டின் மேல்தான் ஆசையாம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, கட்டம் கட்டமான படம். "இந்த டப்பாவுலகூட ஓடும்ப்பா" என்று தங்கள் விளையாட்டின் தமிழ்ப் பிரதியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதில் ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு தீவு. தீவில் ஒரு சின்ன அறை. மேசை மேல் விளக்கு, கெட்டில், ஒரு ரேடியோ. சன்னலுக்கு வெளியே கடல். ரேடியோவைத் திருகித் திருகித் தேடினால் இரைச்சலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சத்தம் வரும். டொக், டொக், டூ... குட்டையும் நீட்டுமாக ஒரு கொத்து வந்தால் அது ஒரு சொல். என்ன சொல் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். சன்னலில் கப்பல் தெரியும்போதெல்லாம் ஒரே கொத்து வருகிறதென்றால், அதுதான் கப்பல். அனுப்புகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்பது கடைசி சிக்னலில்தான் தெரியும். "யாரையும் சுட வேணாம், எங்கியும் ஓட வேணாம். காதக் குடுத்துகினு குந்தினு இருந்தா போதும்" என்று அமிர்தசாமி அதைப் பற்றி வேலைத்தளத்தில் விளக்குவார்.

ஆனால் அவர் வீட்டில் காதைக் கொடுக்க ஓர் ஆள்தான் உண்டு. மனைவி பவுலினுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காது மிஷின் வைத்துப் பார்த்தாள். வெறும் இரைச்சல்தான் வந்தது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள்.

அதற்கு முன்னால் பவுலினுடைய குரலுக்கு அந்த அளத்தில் தனி மரியாதை இருந்தது. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டே கடல் பக்கம் ஒரு கண் வைத்திருப்பாள். மேகம் கறுத்தால் முதலில் பார்ப்பது அவள்தான். "மழ வருதுடீ, மூடுங்கடீ" என்று அவள் போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். வீட்டிலும் அப்படியே. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததற்கு ஒரு பாட்டு, மீன் வாங்கச் சொன்னால் கருவாடு வாங்கி வந்ததற்கு ஒரு பாட்டு என்று அமிர்தசாமி வகைவகையாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

காது போன பிறகும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் கோயிலில் ஜெபமாலை. ஒரு பக்கத்தார் பாதி சொல்ல, மறு பக்கத்தார் மீதி சொல்ல வேண்டும். எல்லாரும் முடித்து அமைதியான பிறகு பவுலின் மட்டும் தனியாக, பழைய அளத்துக் குரலில், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று ஆரம்பித்தாள். தலைகள் திரும்பின. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் முகங்கள் தெரிந்தன. அன்றைக்கு மூடிய வாய்தான். கோயிலிலும் இல்லை, குழாயடியிலும் இல்லை, கட்டின புருஷனிடமும் இல்லை. தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், முடிந்தது.

அமிர்தசாமிக்கு அவளிடம் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை திட்டினால் போதும். வேண்டுமென்றே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய் அவள் எதிரே நின்று பார்த்தார். கறிக்குப் பதில் கருவாடு வாங்கிவந்து பார்த்தார். அவள் சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டு, கருவாட்டைக் கழுவிக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு அந்த மனிதனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு சாயங்காலம் அவர் தீவு அறையில் தனியாக உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தார். காதில் விழுந்த கொத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறந்துவிடும். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பவுலின் திரையை எட்டிப் பார்த்தாள். மகள் வரைந்த படமாயிற்றே. சட்டென்று அவளுடைய கையை இழுத்து உள்ளங்கையில் தட்டினார். குட்டைக்கு ஒரு தட்டு, நீட்டுக்கு விரலை வைத்து ஓர் அழுத்து. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடி அதே கொத்து வந்தது, மறுபடி தட்டினார். அவள் பூண்டு வாசனை அடிக்கிற விரலால் திரையில் இருந்த விளக்கைத் தொட்டுக் காட்டினாள். சரியாக இருந்தது.

அதிலிருந்து அவர் காது, அவள் ஞாபகம். ஒரு தடவை உள்ளங்கையில் விழுந்த கொத்தை அவள் மறப்பதில்லை. சொற்கள் சேரச் சேர, அவை திரையை விட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. விளையாட்டில் சோறு, டீ என்றெல்லாம் சொற்கள் கிடையாது. அதனால் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்கான கொத்துதான் அந்த வீட்டில் டீ. 'கப்பல் வருகிறது' என்று கையில் தட்டினால், ஆன்மேரி பஸ் ஏறிவிட்டாள் என்று அர்த்தம். தட்டுவது எப்போதும் அமிர்தசாமிதான். பவுலின் வாங்கிக்கொண்டு தலையாட்டுவாள்.

அந்தத் தெருவில் புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற வழக்கம் இல்லை. கூட வேலை செய்யும் கலியமூர்த்தி ஒரு நாள் மோட்டார் கொட்டகைச் சாவி வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாண்ணே, இந்த வயசுல."

"வேல நடக்குதுப்பா, அப்பறம் வா" என்றார் அமிர்தசாமி, கையை விடாமல்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு தீவில் மழை வந்தது. சன்னலுக்கு வெளியே மேகம் கூடி, பச்சைக் கோடுகளாகச் சாய்வாக விழ ஆரம்பித்தது. முதல் கோடு விழுந்ததும் அமிர்தசாமியின் கை தானாகப் போய் எல்லாவற்றையும் ஆஃப் செய்தது. பவுலின் எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவந்தாள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சிரிக்கலாம்தான். ஆனால் அளத்தில் மழை என்றால் மோட்டாரை நிறுத்து, குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடு, வீட்டுக்குப் போ. மழை பெய்யும்போது செய்கிற வேலை என்று ஒன்றை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை. மறுநாள் விளையாட்டைப் போட்டால், தீவின் அதே காலையிலிருந்து ஆரம்பித்து அதே மழைக்கு வந்து நிற்கும். இருவரும் எழுந்துவிடுவார்கள். இப்படியே பல நாள். புதிய சொல் ஒன்றும் வரவில்லை. தெரிந்த சொற்களையே எவ்வளவு நாள் தட்டுவது? பவுலின் மெல்ல மெல்லப் பழையபடி அடுப்படிப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் அவர் கையை நீட்டியபோது, வேண்டாம் என்று தலையசைத்தாள். அமிர்தசாமிக்குப் பயம் வந்துவிட்டது. கிடைத்த கொஞ்சமும் போய்விடும் போலிருந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, ஒங்க கேம் ரிப்பேரும்மா."

"இன்னாப்பா ஆச்சு?"

"மழ வந்துடுது. அதோட முடிஞ்சிடுது."

"முடியாதே. மழ வந்தா நீ இன்னா பண்ற?"

"ஆஃப் பண்ணிட்டு எழுந்துடறேன். வேற இன்னா பண்றது?"

ஆன்மேரி சிரித்த சிரிப்பில் அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். "அப்பா, கடைசி சிக்னலு மழ பேயும்போதுதாம்பா வரும். மழன்னா எல்லாருக்கும் புடிக்கும்ப்பா. கதவ சாத்திகினு, டீ போட்டுகினு, உள்ள குந்தினு கேக்கறதுக்கு."

"மழயில எவன்மா வேல செய்வான்?"

அவள் சிரிப்பு நின்றது. அந்த மழைக் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தவளே அவள்தான். சின்ன வயதில் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு காற்றில் இழுபட்டவளும் அவள்தான். "ஒரே ஒரு தடவ எழுந்துக்காத உக்காருப்பா. ஒண்ணும் கரையாது" என்றாள்.

மறுநாள் மதியம் அமிர்தசாமி அடுப்படிக்குப் போய்ப் பவுலினின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் முகத்தில் உற்சாகம் இல்லை. மேகம் கூடியது. கோடு விழுந்தது. வழக்கம்போல அவள் எழுந்தாள். அவர் அவள் கையை விடவில்லை. உள்ளங்கையில் 'காத்திரு' என்று தட்டினார். கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கற்றுக்கொண்ட சொல். அவள் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கொடியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அமிர்தசாமியின் இன்னொரு கை ஆஃப் பொத்தானுக்குப் போகாமல் இருக்க நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மழை இறங்கி அடித்தது. மானிட்டருக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டி ஸ்பீக்கர் முழுக்க ஒரே சோவென்ற சத்தம். அதற்குள் எங்கேயோ ஒரு கொத்து வந்தது. அமிர்தசாமி காதைச் சாய்த்தார், கண்ணை மூடினார், வாயைக்கூடக் கோணிக்கொண்டார். பிடிபடவில்லை. கடைசி சிக்னலாம், மகள் சொல்லியிருக்கிறாள், இதை விட்டுவிட்டால் இவள் மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவாள். நெற்றி வேர்த்தது. அவர் படும் பாட்டைப் பார்த்த பவுலின், சும்மா இருந்த கையைத் தூக்கி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள்.

மழையின் இரைச்சல் பெட்டியின் மரத்தை அசைக்கவில்லை. சிக்னல் அசைத்தது. டொக், டொக், டூ, டொக். அவளுடைய முதுகு நிமிர்ந்தது. அவருக்கு அதெல்லாம் தெரியாது. காதில் விழுந்ததாகத் தோன்றியதை அவசர அவசரமாக அவள் உள்ளங்கையில் தட்டினார், கடைசியில் விரலை வைத்து நீட்டி அழுத்தினார்.

பவுலின் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யோவ், கடசி குட்டைய்யா. நீ இன்னாத்துக்கு நீட்டினு போற? காது கேக்குதா இல்லியா ஒனக்கு?"

ஏறக்குறைய இரண்டு வருஷம் மூடியிருந்த குரல் நடுவில் உடைந்து, கரகரத்து, தெருவுக்குப் போய் விழுந்தது. எதிர் வீட்டு அம்சவல்லி சன்னலைத் திறந்தாள். பவுலின் அதைக் கவனிக்கவில்லை. அவள் ஒரு கையை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, சரியாகத் தட்டச் சொல்லி மறு கையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். கண்டுபிடிக்கும் வரைக்கும் சிக்னல் திரும்பத் திரும்ப வரும். மறுபடி வந்தது. இந்தத் தடவை அமிர்தசாமிக்குத் தெளிவாகவே கேட்டது. கடைசியில் குட்டைதான், சந்தேகமே இல்லை. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய உள்ளங்கையை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசி இடம் வந்ததும் விரலை வைத்து, எடுக்காமல், நீட்டி அழுத்தினார்.