நான் போட்ட பூஜ்ஜியம்

காலை ஆறே முக்கால் மணிக் கம்பெனி பஸ்ஸில், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில், கன்னடப் பேப்பரால் அட்டை போட்ட ஒரு மெல்லிய புத்தகம் எப்போதும் விரிந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் விரல்களின் நுனி, எவ்வளவு கழுவினாலும் போகாத மெஷின் எண்ணெயால் கறுத்திருக்கும். மைசூர் ஹெப்பாளில் நாங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் அது. யாரும் சொல்லிவைக்காமலே அதில் ஓர் ஒழுங்கு உண்டு: முன்னால் ஆபீஸ்காரர்கள், பின்னால் உற்பத்தி லைனில் நிற்பவர்கள். பத்து மாதக் குழந்தையை முதன்முதலாகக் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று, முன்னால் இடமில்லை. சக்கரத்துச் சீட்டில் பாதி காலியாக இருந்தது. குலுங்கும் என்பதால் அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை. யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் அக்கா அங்கே உட்காருவார்.

எல்லோருக்கும் அவர் அக்காதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால்காரர், ஐம்பதை நெருங்கியவர், ஸ்விட்ச் சோதிக்கும் லைனில் பல வருடங்களாக நிற்பவர். வாரக்கடைசியில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அங்கே பஸ் நிலையத்துக் கடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் காமிக்ஸ் புத்தகம் ஒன்றை வாங்கி வருவார். பேப்பருக்குள் ஒளித்துப் படித்தாலும் பஸ்ஸுக்கே தெரியும்.

"அக்கா, பரீட்சை எப்போ?" என்று முன்சீட்டிலிருந்து ஒரு மேனேஜர் கேட்பார். பஸ் சிரிக்கும்.

"அடுத்த வாரங்க சார். நீங்க வந்து பிட்டு குடுங்க" என்பார் அக்கா, தலையைத் தூக்காமல்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "தமிழு படிக்கத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். மைசூரில் பிறந்த எங்களில் பலருக்குத் தமிழ் பேச்சில் மட்டும்தான்; எழுத்து கன்னடம். என் அப்பா பிடிவாதமாகக் கற்றுக்கொடுத்திருந்ததால் தெரியும் என்றேன். "அப்ப இதப் படி. அழுகறதுக்கு நேரமிருக்காது."

அப்படித்தான் மின்னல் செவியன் எனக்கு அறிமுகமானான். வெளிநாட்டுக் கதை. தொலைபேசிக் கம்பத்தில் ஏறிய ஒரு லைன்மேன்மேல் இடி விழுகிறது. அதற்குப் பிறகு ஏழு ஊருக்கு அப்பால் யார் உதவி கேட்டு அலறினாலும் அவனுக்குக் கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்று தெரியாது. அதனால் ஓடுவான், டீக்கடையில் விசாரிப்பான், தவறான கதவைத் தட்டிவிட்டு "மன்னிக்கணும், இங்கே யாராவது அழுதீங்களா?" என்பான். பாதிப் புத்தகம் இந்தத் தேடல்தான். சில கதைகளில் நேரத்துக்குப் போய்ச் சேரவும் மாட்டான். அடுத்த இதழில் அதை நினைத்துக்கொண்டே இருப்பான்.

எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஆபீஸில் கோப்புகளுக்கு நடுவே குழந்தை அழுவது கேட்கும். காப்பகமோ ஊரின் மறுகோடியில். போன் செய்தால், "தூங்குது மேடம்" என்று சலித்துக்கொள்வார்கள். என் மனம்தான் சரியில்லையோ என்று பயந்திருந்த மாதங்களில், எனக்குத் தெரிந்த ஒரே கூட்டாளி அந்த மட்டமான தாளில் ஓடிக்கொண்டிருந்தவன்தான். சிரிப்பார்கள் என்று இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு படம் வந்தது. தமிழிலும் கன்னடத்திலும் பேசியது. ஒரே மாதத்தில் மின்னல் செவியன் தண்ணீர் பாட்டிலில் வந்தான், பள்ளிப் பையில் வந்தான், காப்பகத்துப் பிறந்தநாள் கேக்கில் வந்தான். பரீட்சை எப்போது என்று கேட்ட அதே மேனேஜர், அவன் படம் போட்ட சட்டையோடு பஸ் ஏறினார். ஏறியவர் அக்காவின் புத்தகத்தில் அவன் படத்தைப் பார்த்து, "என்ன அக்கா, நீயும் படம் பார்த்து ஃபேன் ஆயிட்டியா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பல வருடங்களாக அந்தப் பெண் அவனைத் தனியாகச் சுமந்திருக்கிறார். இவர்களோ முந்தாநாள் பாப்கார்னோடு அவனைச் சந்தித்தவர்கள்.

படத்தை நானும் பார்த்தேன். அதில் அவனுக்குத் திசை தெரிந்தது. நெற்றியில் ஏதோ கருவி, நேராகப் பறந்து போய் இறங்கினான், ஒரு கதவையும் தட்டவில்லை, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பலவீனம் ஒன்று வேண்டுமே என்பதற்காக, உப்புத் தண்ணீர் பட்டால் சக்தி போய்விடும் என்று வைத்திருந்தார்கள். அவன் புகழ்பெற்றுவிட்டான் என்கிறார்கள். பெயரையும் சட்டையையும் வைத்துக்கொண்டு அவனைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பேன் நான். பிறகு கடைக்கு வந்த பளபளப்பான மறுபதிப்பில் நடிகரின் முகம்தான் அட்டை. உள்ளே கதவு தட்டும் பக்கங்களைக் காணவில்லை. படம் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்குமாம்.

அந்த வருடத்துக் குடும்ப தினத்தில், தொழிற்சாலைப் புல்வெளியில் ஷாமியானா போட்டு வினாடி வினா நடந்தது. ஜெயிக்கும் பிரிவு ஒரு வருடம் வைத்துக்கொள்ளும் கோப்பை ஒன்று உண்டு. அது ஒருமுறைகூட லைன் பக்கம் போனதில்லை. அன்று அக்காவின் அணியும் ஆபீஸ் அணியும் சமமாக நின்றன. கேள்வி கேட்டவர் அந்த மேனேஜர். பலகையில் மதிப்பெண் எழுதியவள் நான். கடைசிக் கேள்வி: மின்னல் செவியனின் பலவீனம் என்ன?

அக்கா எழுந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு அவனுக்குத் தெரியாதுங்க."

உடனே குழந்தைகள் "உப்புத் தண்ணி! உப்புத் தண்ணி!" என்று கத்தினார்கள். "அக்கா, எந்தப் படத்தைப் பாத்தே நீ?" என்றார் மேனேஜர். ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், ஜீரோ போடுங்க" என்றார்.

எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவள் நான். வாய் திறந்தால் பஸ் சிநேகிதிக்குச் சலுகை செய்கிறேன் என்பார்களோ, விடுப்பு முடிந்து வந்தவள் எதற்கு வம்பு என்பார்களோ என்று யோசித்தேன். யோசித்தபடியே கை பூஜ்ஜியத்தைப் போட்டுவிட்டது. சுத்தமான, வட்டமான பூஜ்ஜியம். ஆபீஸ் அணி 'உப்புத் தண்ணி' என்று சொல்லி மதிப்பெண்ணை வாங்க, கோப்பை ஆபீஸுக்கே போனது. "பொம்மை புஸ்தகம் படிச்சு நம்மளத் தோக்கடிச்சிட்டியேக்கா" என்று அவர் அணிப் பெண்களே சொன்னார்கள்.

திங்கட்கிழமை அக்காவின் மடியில் புத்தகம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். வெளியே பார்த்தபடியே சொன்னார்: "அவிங்களுக்குத் தெரியாது, சிரிச்சாங்க. உனக்குத் தெரியுமல்ல கண்ணு?" அடுத்த மாதம் வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார்.

இரண்டு வருடம் போனது. இந்த வருடம் படத்தின் இரண்டாம் பாகம் வந்ததால், அதே கேள்வி குடும்ப தினக் கேள்விப் பட்டியலில் மறுபடி இருந்தது. பதில் தவறு என்று மேனேஜரிடம் சொன்னேன். "சும்மனே ஃபன் கண்ரீ, மேடம்" என்று, எல்லாம் சும்மா வேடிக்கைக்குத்தானே என்பதுபோலச் சிரித்தவர், நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, கேள்வியின் முன்னால் 'படத்தில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தார். பெரிய வெற்றி போல அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். அக்கா படித்தார். "அன்னிக்கு சைபர் போட்டப்ப எல்லாரும் பாத்தாங்க. இந்தத் தாள யாரு பாக்கப் போறா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்விட்சை எடுத்தார்.

குடும்ப தினத்தன்று அந்தக் கேள்வி வருவதற்கு முன் மைக்கைக் கேட்டு வாங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா சொன்ன பதில் சரியானது, அது மூலப் புத்தகத்தில் இருக்கிறது, நானே படித்திருக்கிறேன், தெரிந்தே பூஜ்ஜியம் போட்டேன் என்று சொன்னேன். முன்வரிசையில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர், "ஓகே ஓகே, அடுத்த கேள்வி" என்று கை நீட்டினார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தக் கொள்ளேகால் குரல் வந்தது.

"ஏங் கண்ணு, பின்னால ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு!"

மைக்கைக் கொடுக்காமல், முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.