கஞ்சி போட்ட அன்னங்கள்

வடித்த கஞ்சி ஆறி லேசாகப் புளிக்கத் தொடங்கும்போது ஒரு வாசம் வருமே, அது மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்பலாம். எனக்கோ ஒற்றைக்காலில் நிற்கத் தோன்றும்.

அரியலூரில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, கணக்கு டீச்சர் விமலா டி.வி.யில் எப்போதோ மேல்நாட்டு பாலே நடனத்தைப் பார்த்துவிட்டு, ஆண்டுவிழாவில் எட்டுப் பேரை அன்னப்பறவைகளாக ஆடவைப்பது என்று முடிவுகட்டினார். எங்களுக்குத் தெரிந்த பாலே, நுனிக்காலில் நிற்பது மட்டும்தான்; அதையும் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுவோம். "பாவாடை விரிச்ச குடை மாதிரி நிக்கணும்" என்பது டீச்சரின் கட்டளை. அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது.

வெள்ளைக் கொசுவலையை ஐந்தடுக்காகச் சுருக்கி எட்டுப் பாவாடைகளையும் அவள் தைத்து முடித்தபோது, எல்லாம் நனைந்த கோழி மாதிரி தொங்கின. அம்மா அசரவில்லை. கெட்டிக் கஞ்சியில் முக்கி, தெருவில் கேட்டு வாங்கிய குடைகளை விரித்துவைத்து அவற்றின் மேல் காயப்போட்டாள். மறுநாள் பாவாடைகள் "மொடமொட"வென்று நின்றன.

உடுப்போடு பழகினால்தான் மேடையில் தடுமாற மாட்டோம் என்று ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டே ஒத்திகை நடந்தது. வகுப்பு வாசலில் நுழைய முடியாது; பெஞ்சில் உட்கார்ந்தால் முன்பக்கம் எழும்பி மூக்கை இடிக்கும்; குழாயடியில் ஒருத்தி குனிந்தால் பின்னால் நிற்பவள் இரண்டடி தள்ளிப் போவாள். எங்கள் கால்கள் எங்களுக்கே தெரியாததால், யார் காலை யார் மிதித்தது என்று தீர்ப்பு சொல்லவே டீச்சருக்கு நேரம் போயிற்று. அப்படிச் சிரித்த ஒரு வாரம் என் வாழ்க்கையில் அப்புறம் வரவில்லை.

ஒரே ஒரு வருத்தம் எனக்கு. நான் நெட்டை என்பதால் கடைசி வரிசை, அதிலும் மூலை. எட்டுப் பாவாடை தைத்த அம்மா, கூட்டத்தில் உட்கார்ந்து என் ரிப்பனை மட்டும்தான் பார்ப்பாள். டீச்சரிடம் இரண்டு முறை கேட்டும் பார்த்தேன். "வளந்துட்டியே, நான் என்ன செய்ய?" என்றார். ஏதாவது தப்புச் செய்து அந்த மூலையும் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

ஆண்டுவிழா அன்று காலை, மைதானத்தில் கடைசி ஒத்திகை. ஒற்றைக்காலில், கை விரித்து, கண்மூடி நிற்பதோடு ஆட்டம் முடியும். "என்ன ஆனாலும் அசையக் கூடாது" என்று டீச்சர் சொல்லியிருந்தார். கண்ணை மூடியதும் பின்னால் ஏதோ இழுத்தது. பிறகு "கறுக் கறுக்" என்று மெல்லும் சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. பாட்டு முடிந்து திரும்பினால், பள்ளிக்கூட ஆயாவின் வெள்ளாடு. கஞ்சி ருசியில் பின்பக்கப் பாவாடையைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது.

"ஏன்டி, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"அசையக் கூடாதுன்னீங்களே, டீச்சர்."

ஊசிநூலோடு ஓடிவந்த அம்மாவிடம் ஒரு முழம் வலைகூட மிச்சமில்லை. என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்பக்கம் நல்லாத்தான் இருக்குங்க. இவள மட்டும் திரும்பாம நிக்க வைங்களேன்" என்றாள்.

டீச்சர் யோசித்தார். "மூலையில நின்னு திரும்பலைன்னா தப்பு பண்றான்னு தெரிஞ்சிடும். முன்னாடி நடுவுல நின்னா ராணின்னு நெனச்சுக்குவாங்க. வாடி முன்னாடி."

அன்று மாலை ஏழு அன்னங்கள் பின்னால் சுழல, நான் நடுவில் கையை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். மேடையை விட்டு வரும்போதும் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தேன்.

போன மாதம் பெரம்பலூரில் என் மகளின் ஆண்டுவிழா. உள்ளே கம்பி வைத்த வாடகை உடுப்பு, அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பிளாஸ்டிக் உறையில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்க யாருக்கும் நேரமில்லை. பள்ளிக்கு இரும்புக் கதவு, வாசலில் காவலாளி. குக்கர் சோற்றில் கஞ்சியும் கிடையாது. என் மகள் என்னைப் போலவே நெட்டை. கடைசி வரிசை, மூலை.

பக்கத்தில் அம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு ஆடுகூடக் கிடையாதா?"