மறக்கத் தெரிந்த எறும்புகள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் எறும்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ட்ரோன் பறக்க வேண்டிய வழியைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்காகக் கணினிக்குள் ஆயிரக்கணக்கில் பொய் எறும்புகளை ஓடவிட்டிருந்தாள். நகர வரைபடத்தில் அவை கண்டபடி அலையும். நல்ல வழியில் போன எறும்பு வாசனையை விட்டுச் செல்லும், மற்றவை மோப்பம் பிடித்துப் பின்னால் போகும். கடைசியில் எது அதிகம் மணக்கிறதோ அதுதான் ட்ரோனின் வழி. இதை அவள் கணவரே நம்பவில்லை. "சர்க்கரை டப்பாவுல வர்ற எறும்பையே உன்னால தடுக்க முடியல, இதுல வேலை வேற வாங்குறியா?" என்பார்.

அந்த வாரம் கிண்டலை ரசிக்கும் நிலையில் அவள் இல்லை. ரத்த வங்கியிலிருந்து அக்கரை ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பை அனுப்பும் சோதனை இரண்டு முறை ஊற்றிக்கொண்டது. ஆற்றோரம் புதிதாக எழும்பும் கட்டடத்தின் கிரேன் குறுக்கே வந்ததும், ட்ரோன் அந்தரத்தில் திகைத்து நின்று, பேசாமல் வீடு திரும்பிவிட்டது. இன்னொரு முறை இப்படியானால் பிரிவையே மூடிவிட்டு, அவளைப் பழையபடி ரசீது மென்பொருளுக்கே அனுப்புவதாக மேலாளர் சொல்லிவிட்டார். எத்தனையோ வருடம் மல்லுக்கட்டி வெளியேறி வந்த வேலை அது.

திரையை முறைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. கிரேன் இருப்பது தெரிந்த பிறகும் எறும்புகள் கூட்டமாக அதே வழியில் போய்த்தான் முட்டிக்கொண்டு நின்றன. தப்பு அவளுடையதுதான். பாடுபட்டுப் பிடித்த குறுக்குவழி கைநழுவிப் போகக்கூடாது என்ற பேராசையில், வாசனை லேசில் மறையாதபடி வைத்திருந்தாள். பழைய வாசனை தூக்கலாக இருக்கும்போது எந்த எறும்பு புது வழி தேடும்?

வாசனை சீக்கிரம் மங்கும்படி மாற்றினாள். ட்ரோனைப் பறக்கவிடுபவர் பதறினார்.

"அக்கா, நல்ல வழியையும் சேத்து மறந்துட்டா?"

"மறக்கட்டும் தம்பி. நல்ல வழின்னா திரும்பக் கண்டுபிடிச்சுக்கும்."

மறுநாள் ட்ரோன் கிளம்பியது. ஆற்றைத் தாண்டும் நேரம் பார்த்துக் கிரேன் குறுக்கே திரும்பியது. ட்ரோன் நின்றது.

"அவ்வளவுதான்," என்று முணுமுணுத்தார் மேலாளர்.

திரையில் எறும்புகள் நாலாபக்கமும் சிதறின. பழைய கோடு வெளுத்தது, கிடங்குகளின் பின்புறமாகப் புதுக்கோடு ஒன்று விழுந்தது. ட்ரோன் மெல்லத் திரும்பி, யாருமே யோசித்துப் பார்க்காத அந்தக் கூரைகளின் மேல் ஜம்மென்று பறந்தது.

ஃபோன் அடித்தது. மேலாளர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அக்கரை நர்ஸ்தான்.

"பை வந்துருச்சு. இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. அடுத்தது எப்ப அனுப்புவீங்க?"

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்பவே," என்றாள்.