சுவரில் பெரிதான என் கண்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடைச் சுவரில் என் முகம் இருக்கிறது, ஆளுயரத்துக்கு. காலையில் மலைக்கு வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வேறு பாதை கிடையாது.

சுற்றுலாக்காரர்கள் பார்க்க நான்கு இனத்து முகங்களை வரைவதற்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழச்சி இடத்துக்குத் தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி என் பெயரைக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கிராணி சொன்ன பிறகு முடியாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் சொல்லியிருக்கிறார்கள்? நாங்கள் இப்போது மெஷினில் கொழுந்து வெட்டிச் சாக்கில் அடைக்கிறோம். ஆனாலும் அந்த ஓவியக்காரி எங்கிருந்தோ ஒரு பழைய கூடையைத் தேடி என் முதுகில் மாட்டி, மூன்று நாள் முக்காலியில் உட்கார வைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. மூக்கைச் சொறியக்கூட அவளிடம் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் அவளுக்குக் குழப்பம் வந்துவிட்டது. என் அம்மா சீனப் பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இந்தத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்குத் தத்து வந்தவள். சீன மொழியில் ஒரு சொல் தெரியாது. தைப்பூச விரதம் மட்டும் ஒரு வருடமும் தவறியதில்லை. அப்பா தமிழர். எனக்கு அம்மாவின் கண்கள். பக்கத்தில் ரிங்லெட் ஊர்ச் சீனக் காய்கறிக்காரம்மாவின் முகம் இருக்கிறதே, பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா என்று ஓவியக்காரி மலாயில் கேட்டாள். கேட்டுக்கொண்டே என் கண்களைப் பெரிதாக்கினாள், நிறத்தைக் கூட்டினாள், பெரிய பொட்டாக வைத்தாள்.

நன்றாக இருக்கிறதா என்றாள். தலையாட்டினேன். பயத்தில் ஆட்டினேன் என்று சொன்னால் பொய். பள்ளிக்கூடத்தில் என்னைச் சீனத்தி என்று கூப்பிட்டவர்கள் கண்ணில் இது படட்டும் என்றிருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

வேலை முடிந்து அவள் மலையிறங்கிப் போன மறுநாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு லா," என்றாள். பிறகு, "என்னைப் பெத்தவங்க மொகம் எனக்குத் தெரியாது. என் சாடைல நான் பார்த்த ஒரே மொகம் உன்னோடதுதான். அதை ஏண்டி மாத்த விட்ட?"

போன் பண்ணித் திரும்ப வரையச் சொல்கிறேன் என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அதில் மனமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேணாம், விடு," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.