சுடாத வயிறு

குடலில் கட்டி வருவது எங்கள் குடும்பச் சொத்து போலிருக்கிறது. முதலில் அண்ணனுக்கு வந்தது. வயிற்றில் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டாக்டர் கருவிகளைத் தன் கையாலேயே பிடித்து வெட்டி ஒட்டினார். அதன்பின் அண்ணன் அனத்தியது போடி முழுக்கக் கேட்டிருக்கும். காய்ச்சல் கொதித்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு எகிறி, பிறகு மெல்ல இறங்கியது.

எனக்கு மதுரையில் ரோபோ ஆபரேஷன். மயக்கம் ஏறும்முன் பார்த்தேன். டாக்டர் எனக்கு முதுகைக் காட்டியபடி, மூலையில் ரோபோவை இயக்கும் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். என்மேல் இரும்புக் கைகள் மட்டும் காத்திருந்தன. "இதுல அழற்சி கொஞ்சம் குறையலாம். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது" என்று முன்பே சொல்லியிருந்தார். முதல் பாதிதான் எங்கள் காதில் ஏறியது.

வயிற்றிலிருந்து நீர் வடிய ஒரு குழாயும் பையும் வைத்து, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியில்லை, காய்ச்சலில்லை. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த அண்ணன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நெசமாவே ஆபரேசன் பண்ணாங்களா, இல்ல சும்மா படுக்கப்போட்டு எழுப்பி விட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டுப்பட்டதே தெரியாததுபோல் வயிறு சில்லென்று கிடந்தது. தொட்டால் வேறு யாரையோ தொடுவது போலிருந்தது.

பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இறங்கவேண்டிய நேரத்தில் சி.ஆர்.பி. ஏறியிருந்தது. போனில் டாக்டரின் குரல் மாறிவிட்டது. "பையில நாத்தம் வருதான்னு பாருங்க. வந்தா, குடலை ஒட்டுன எடம் விட்டுருச்சுன்னு அர்த்தம்."

மனைவி குனிந்து முகர்ந்தாள். "ஏலக்கா வாசந்தாங்க வருது." அண்ணனும் முகர்ந்தார். அவருக்கும் அதேதான். எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். முன்னறையில் மூட்டைகள், கூடத்தில் காய் பொறுக்கும் வேலை. போதாததற்கு, படுத்திருப்பவர் தலையணைக்கடியில் ஒரு பிடி காய் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இங்கே பிணம் கிடந்தாலும் மணக்கத்தான் செய்யும் என்று தோன்றியது.

அவளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பையிலிருந்து கொஞ்சம் கிண்ணத்தில் வடித்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்காற்று அடிக்கும் தெருமுனை வரை நடந்தாள். நின்றாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. திரும்பி வந்தபோது அவள் முக்காடு மூக்கை மூடியிருந்தது.

"மச்சான், வெரசா வண்டியக் கொண்டாங்க" என்றாள் அண்ணனிடம். அண்ணன் கார் பிடிக்க ஓடினார்.

காரில் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். தேனி தாண்டியதும் எங்கள் உடுப்பிலிருந்த ஏலக்காய் வாசம் காற்றோடு போய்விட, அந்த நாற்றம் எழுந்தது. அது என்னிடமிருந்துதான் வந்தது. முன்சீட்டிலிருந்த அண்ணன் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார்.

"நாறுதா?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் முக்காட்டை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு, குனிந்து என் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். மதுரை வரும்வரை எடுக்கவில்லை.